முழித்திருந்தவனைப் புகழ்ந்தேன்

நான் ஒரு டியூஷன் வாத்தியார். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரன், லால்பேட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். என்னிடம் படித்த ஒரு பையன் கொஞ்சம் கொஞ்சமாக மனம் கலங்கிப் போனதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி தெரிந்தே பார்த்தேன். மீதியைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. அதோடு நிற்காமல், டாக்டர் நேருக்கு நேர் கேட்டபோது பொய்யும் சொன்னேன். முதல் குற்றத்துக்கு ஏதாவது சமாதானம் சொல்லலாம். ஊரில் பல வாத்தியார்கள் அதைத்தான் செய்கிறார்கள். இரண்டாவதுக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், தெரு எதுவும் வராது. அவனை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். என்னைப் பற்றிய எதையும் மாற்றவில்லை.

2018ஆம் வருடம் ரமலான் மே மாத நடுவில் பிறந்தது. நோன்பு மாதத்தில் லால்பேட்டை இரவில்தான் விழித்திருக்கும். தராவீஹ் தொழுகை முடிந்து பையன்கள் தெருமுனையில் கூடுவார்கள், டீ குடிப்பார்கள், சஹர் சாப்பிட்டுவிட்டு சுபுஹு தொழுதுவிட்டுப் படுப்பார்கள். கோடை விடுமுறையும் சேர்ந்துகொண்டதால் பகலில் தூங்கினாலும் கேட்க ஆளில்லை. பெருநாள் கழிந்தால் சில நாளில் உடம்பு பழைய வழிக்கு வந்துவிடும். மற்ற பையன்களுக்கு வந்தது. இவனுக்கு வரவில்லை. ஊரே முழித்திருந்த மாதத்தில் தொடங்கியதால், எந்த இரவிலிருந்து இவன் மட்டும் தனியாக முழித்திருந்தான் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

என் காலை வகுப்பு அப்போது ஐந்தரைக்கு. நான் பூட்டைத் திறக்கப் போகும்போது அவன் படியில் உட்கார்ந்திருப்பான். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார்கள். இவன் முகம் கழுவி, தலை வாரி, நோட்டு விரித்து வைத்திருப்பான். எழுந்து வருகிறான் என்று நினைத்தேன். படுக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது எனக்குக் கவலை வரவில்லை, பெருமை வந்தது.

அந்த நோட்டை இன்றும் மறக்க முடியவில்லை. நீளமான கணக்கு நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் வலது மூலையிலும் அந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கிய நேரத்தைப் போட்டிருப்பான்: 1.40, 2.15, 3.05. கீழே தொகை நுண்கணிதம், ஒரு அடித்தல் இல்லாமல், பொடி எழுத்தில். ஒருநாள் அதைக் கையில் தூக்கிப் பிடித்து வகுப்புக்குக் காட்டினேன். "பாருங்கடா, மூணு மணிக்கு இவன் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கான். நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் இன்னும் இரண்டு பையன்கள் நோட்டு மூலையில் நேரம் எழுத ஆரம்பித்தார்கள். அதையும் என் வெற்றி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

என் தொழிலின் யோக்கியதையை இங்கே சொல்லிவிட வேண்டும். பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. மதிப்பெண்ணும் அடுத்த இரண்டு வருடத்தில் 1,200லிருந்து 600 ஆயிற்று. பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்கத்தான் அதெல்லாம். எங்கள் ஃப்ளெக்ஸ் பேனரில் மட்டும் ஒன்றும் குறையவில்லை. கடைத்தெருவில் கட்டும் பேனரில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் முகம் இருந்தால்தான் அடுத்த ஜூனில் பெஞ்சு நிறையும். அந்த வருட பேனருக்கு நான் குறித்து வைத்திருந்த முகம் இவனுடையது. அவனைக் கவனிக்காமல் விட்டேன் என்று சொன்னால் அது பொய். மற்ற யாரையும்விட அவனைத்தான் அதிகம் கவனித்தேன். கவனித்தது மார்க்கை.

அவன் அத்தா வளைகுடாவில் வேலை. எங்கள் ஊர்ப் பக்கம் அது சாதாரணம்; சம்பாதிக்கும் வயதில் உள்ள ஆண்கள் பலர் கடல் தாண்டி இருக்கிறார்கள், பிள்ளைகளைப் போனில் வளர்க்கிறார்கள். மாதம் ஒருமுறை என்னைக் கூப்பிடுவார். "சார், நான் இங்க கெடக்குறேன். நீங்கதான் பாத்துக்கணும்" என்பார். "உங்க பையன் தங்கம் பாய், ராத்திரி முழுக்கப் படிக்கிறான்" என்பேன். அந்தப் பக்கம் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்கும். தூங்காத பிள்ளையைப் பற்றி அவன் தகப்பனுக்கு நற்செய்தி சொன்னவன் நான்.

ஐப்பசி மழை பிடித்து வீராணம் ஏரி நிரம்பி வந்த சமயத்தில் மாற்றங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. நடு பெஞ்சிலிருந்து சுவரோரம் மாறி உட்கார்ந்தான். ஜன்னலைச் சாத்தச் சொன்னான். புழுக்கமாக இருக்கிறது என்று மற்றவர்கள் திறந்தால் எழுந்துபோய்ச் சாத்தினான். கூடவே சைக்கிளில் வரும் சிநேகிதனோடு பேச்சை நிறுத்தினான். குளிக்காமல் வந்தான். அரையாண்டில் மார்க் சரிந்தது. விடைத்தாளைப் பார்த்தேன்: கணக்குகள் சரியாகத் தொடங்கி, மூன்றாவது நான்காவது வரியில் அப்படியே நின்றிருந்தன. போன் பழக்கம் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அவன் அம்மாவிடம் சொல்லிப் போனைப் பிடுங்கி வைக்கச் சொன்னேன். காபி குடித்துவிட்டுப் படி என்றேன். ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடுத்தேன். அதில் தூக்கத்துக்கு நான் ஒதுக்கியது ஐந்து மணி நேரம்.

பகலில் பிடுங்கி வைத்த போன் ராத்திரி எப்படியோ அவன் கைக்குப் போய்விடும். ஜனவரியில் எனக்கு வாட்ஸ்அப்பில் செய்திகள் வர ஆரம்பித்தன. காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் வந்திருக்கும். முதலில் கணக்குச் சந்தேகங்கள். பிறகு வேறு மாதிரி. "சார், நேத்து க்ளாஸ்ல ஒரு உதாரணம் சொன்னீங்களே, அது என்னைப் பத்தியா?" இன்னொரு நாள்: "மாடியில யாரோ நடக்கிற மாதிரி கேக்குது சார். போய்ப் பாத்தேன், யாரும் இல்ல. ஆனா அவங்களுக்கு என் பேர் தெரியும்போல இருக்கு." அதற்குக் கீழேயே, சில நிமிடம் கழித்து: "எனக்கே தெரியுது சார் அப்படில்லாம் இருக்காதுன்னு. தூக்கம் இல்லாததால இருக்கும். நான் என்ன பண்ணட்டும்?"

ஒரு பதினேழு வயதுப் பையன் நடுராத்திரியில், தனக்கு என்ன நடக்கிறது என்பதைப் பாதிக்கு மேல் சரியாகவே கண்டுபிடித்து, நம்பிக் கேட்ட கேள்வி அது. நான் அனுப்பிய பதில்: "ஓவரா யோசிக்காதே. படுத்துத் தூங்கு. நாளைக்கு ரிவிஷன் டெஸ்ட் இருக்கு." கட்டைவிரலை உயர்த்தும் ஒரு படமும் போட்டேன்.

அதைப் படித்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். வயிற்றில் ஏதோ புரண்டது. எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் அப்படித் தூக்கம் கெட்டு, பிறகு சந்தேகம் பிடித்து, கடைசியில் வீட்டின் பின்கட்டில் வாழ்ந்து முடித்தவர். அந்த நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே தள்ளிவிட்டேன். பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

பிப்ரவரியில் அவன் அம்மா வகுப்பு முடியும் நேரத்துக்கு வந்து வாசலில் நின்றார். "சார், ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டே கெடக்கான். ரூமுக்குள்ள நடந்துக்கிட்டே இருக்கான். தனியா பேசுற மாதிரி இருக்கு. சிதம்பரத்துல ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாமான்னு பாக்குறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் டாக்டரிடம் போக முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். படித்தவன் ஒருவன் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னது இது: "இப்ப போய் மாத்திரை மருந்துன்னு ஆரம்பிச்சா பையன் மந்தமாயிடுவான்மா. எல்லாம் பரீட்சை பயம். மார்ச் முடியட்டும், நானே கூட வர்றேன்."

அந்தப் பெண்மணி தலையாட்டிவிட்டுப் போனார். என்னைப் பொறுத்தவரை வாக்குமூலத்தின் நடுப்பகுதி இதுதான். அதுவரை செய்ததையெல்லாம் அறியாமை என்று ஒதுக்கலாம். இங்கே ஒரு தாய் சரியான வழியைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்திருந்தார். குறுக்கே நின்றது நான்.

உறவில் சிலர் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்களாம். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் செத்ததை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளக்கினேன். இப்போதைய மனநலச் சட்டம் சங்கிலியில் கட்டுவதையே தடை செய்கிறது என்று சட்டமும் பேசினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் பகுத்தறிவு பேசிய நான் மாற்றாக எதைக் கொடுத்தேன்? அவர்கள் தாயத்துக் கட்டினார்கள், நான் டைம்டேபிள் கட்டினேன். அவர்களுக்காவது பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பதற்றம் இருந்தது. ஓதிப்பார்க்க வந்த ஹஜ்ரத், தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்துவிட்டு, "நான் ஓதுறது ஓதுறதுதான். தூக்கம் இல்லாம இத்தனை நாள் கெடக்குற புள்ளையை டாக்டர்கிட்டயும் காட்டுங்க" என்றாராம். எங்கள் எல்லோரிலும் தெளிவாகப் பேசியவர் அவர்தான். "சார் பரீட்சை முடியட்டும்னு சொல்லிட்டாரு" என்று வீட்டில் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச்சில் பரீட்சை எழுதப் போனான். ஒரு தேர்வின் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டான். பறக்கும் படை தனக்காகத்தான் வந்திருக்கிறது, தன் விடைத்தாளைத்தான் தேடுகிறார்கள் என்று சொன்னானாம். அன்று உண்மையிலேயே பறக்கும் படை வந்திருந்தது. எல்லா மையத்துக்கும் வருவதுபோல் வந்து போனது. சாயங்காலம் வரை வீட்டுக்கு வரவில்லை. வெள்ளியங்கால் ஓடை மதகுப் பக்கம் உட்கார்ந்திருந்தவனைத் தெரிந்தவர்கள் பார்த்துக் கூட்டிவந்தார்கள்.

மறுநாள் ஒரு காரில் சிதம்பரம் போனோம். "டாக்டர்கிட்ட பேசத் தெரிஞ்சவங்க நீங்கதான் சார், கூட வாங்க" என்று அந்த அம்மாதான் கூப்பிட்டார். முன் சீட்டில் அவன் மாமா. பின் சீட்டில் அவன், அவன் அம்மா, ஓரத்தில் நான். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். குமராட்சி தாண்டும்போது நான் போனை எடுத்தேன். அவனுடைய செய்திகளை, என் பதில்களை, கட்டைவிரல் படத்தை, எல்லாவற்றையும் அழித்தேன். அவன் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். தூக்கம் எப்போது கெட்டது? முதலில் வந்தது தூக்கமின்மையா, சந்தேகமா? பரீட்சைக்கு முன்னால் யாரிடமாவது வித்தியாசமாக ஏதாவது சொன்னானா, எழுதினானா? அம்மாவுக்குத் தெரிந்ததை அம்மா சொன்னார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பரீட்சை டென்ஷன்னுதான் சார் நெனைச்சோம். மத்தபடி நல்லாத்தான் இருந்தான். எனக்கு வேற எதுவும் தெரியாது" என்றேன்.

ஏன் அப்படிக் கேட்டார் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். குற்ற உணர்ச்சியில் படித்ததுதான் என்றாலும், இதை ஒவ்வொரு வாத்தியாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மனச்சிதைவு போன்ற நோய்கள் பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகின்றன. திடீரென்று ஒருநாளில் வருவது குறைவு. பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஒரு முன்காலம் இருக்கிறது. தூக்கம் கெடும், ராத்திரியும் பகலும் இடம் மாறும், படிப்பு சரியும், நட்பு அறும், சின்னச் சின்னச் சந்தேகங்கள் வரும், இல்லாத சத்தம் லேசாகக் கேட்கும். அந்தக் கட்டத்தில் பிள்ளைக்கே அதில் சந்தேகம் இருக்கும்: "எனக்கே தெரியுது சார், அப்படில்லாம் இருக்காதுன்னு." இந்த முன்காலத்தையே தனியாகக் கவனித்துச் சிகிச்சை தர வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பேட்ரிக் மெக்காரியும் அலிசன் யங்கும் 1990களின் நடுவில் ஒரு மருத்துவ மையத்தையே தொடங்கினார்கள். அப்படி ஆபத்தான கட்டத்தில் இருப்பதாகக் கண்டறியப்படும் இளைஞர்களில் மூன்று வருடத்துக்குள் முழு நோய்க்குப் போகிறவர்கள் சுமாராக நான்கில் ஒருவர். அதாவது பெரும்பாலோர் போவதில்லை. பயமுறுத்த வேண்டியதில்லை, பார்க்காமல் இருக்கவும் கூடாது. நோய் முற்றி, சிகிச்சை இல்லாமல் கழியும் காலம் நீள நீள, மீள்வது கடினமாகிறது.

இதில் தூக்கத்தின் இடம் என்ன? நோய் வருவதால் தூக்கம் கெடுகிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். தூக்கம் கெடுவதே சந்தேகத்தையும் பிரமையையும் வளர்க்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்டில் டேனியல் ஃப்ரீமன் குழுவினர் சோதித்துக் காட்டினார்கள். 2017இல் வெளியான அவர்கள் ஆய்வில் பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த தூக்கமின்மை உள்ள 3,755 மாணவர்கள். ஒரு பாதிக்கு இணையம் வழியாகத் தூக்கத்தைச் சரிசெய்யும் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். தூக்கம் மேம்பட்டது, கூடவே சந்தேக எண்ணங்களும் இல்லாததை உணரும் அனுபவங்களும் ஓரளவு குறைந்தன. பிறகு அதே குழுவின் ஃபெலிசிட்டி வெயிட், முழு நோய்க்கு முந்தைய ஆபத்துக் கட்டத்தில் இருந்த 14 முதல் 25 வயது வரையிலான 40 பேரிடம் தூக்கச் சிகிச்சையை முயன்று பார்த்தார். சிறிய சோதனைதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் தூக்கத்துக்காகச் சிகிச்சைக்கு விருப்பத்தோடு வருகிறார்கள், தூக்கமும் நன்றாகத் தேறுகிறது என்று அதில் தெரிந்தது. மனநோய் என்று சொன்னால் கதவைச் சாத்திக்கொள்ளும் பையன்கூட, "தூக்கம் வரலையா, வா பாக்கலாம்" என்றால் வருவான். எங்கள் ஊருக்கும் இது பொருந்தும். என்னிடம் அவனே வந்து கேட்டானே!

சிகிச்சை என்றால் தூக்க மாத்திரை என்று நினைக்க வேண்டாம். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுவது, காலை வெயிலில் நிற்பது, படுக்கையில் படிப்பையும் போனையும் வைத்துக்கொள்ளாதது, கவலைகளுக்கென்று சாயங்காலம் ஒரு நேரம் ஒதுக்குவது என்று பெரும்பாலும் பழக்கத்தை மாற்றும் வேலைதான். மருந்து தேவைப்படுகிறவர்களுக்கு அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சந்தேகப்பட வேண்டியது எதை, கூடாதது எதை என்பதும் முக்கியம். பதின்ம வயதில் எல்லோருக்குமே உடம்பின் கடிகாரம் பின்னுக்குப் போகிறது. தூக்கத்தைக் கூப்பிடும் மெலடோனின் அவர்களுக்குத் தாமதமாகச் சுரக்கிறது. ராத்திரி பதினொன்றுக்கு முன்னால் தூக்கம் வராதது சோம்பலும் அல்ல, நோயும் அல்ல. அந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். பள்ளியைக் காலை எட்டரைக்கு முன் தொடங்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் சொன்னது. நான் ஐந்தரைக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். காலைத் தூக்கத்தை நான் பிடுங்கினேன், ராத்திரித் தூக்கத்தை வீட்டுப்பாடம் பிடுங்கியது. எல்லாப் பிள்ளையும் தூக்கம் கெட்டுக் கிடக்கும் ஊரில், நோயால் தூங்காத ஒரு பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது?

இங்கே ஒரு பதுங்குமிடம் எனக்கு இருக்கிறது. அதையும் காட்டிவிடுகிறேன். அவன் தூங்காததால்தான் நோய் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. பரம்பரை உண்டு, மூளையின் வளர்ச்சி உண்டு, இன்னும் எத்தனையோ உண்டு. பிப்ரவரியில் சிகிச்சை தொடங்கியிருந்தாலும் இதே இடத்துக்கு வந்திருக்கலாம். இதைப் படித்த அன்று எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சில மாதம் அதைச் சொல்லியே என்னைத் தேற்றிக்கொண்டேன். விளைவு மாறியிருக்குமா என்பது டாக்டர்களின் கேள்வி. நான் செய்தது என்ன என்பதற்கு அந்தப் பதில் எதுவும் தேவையில்லை.

அவன் தேறினான். முதலில் திரும்பியது தூக்கம். பிறகு மெதுவாக, பல மாதங்களில், பயம் விலகியது. விட்டுப்போன தேர்வைப் பிற்பாடு எழுதினான். பட்டம் படித்தான். இப்போது வேலைக்குப் போகிறான். டாக்டரை விடாமல் பார்க்கிறான். அதற்குக் காரணம் அவன் அம்மா. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, மனநோயின் முதல் தாக்குதலுக்குச் சிகிச்சை பெற்ற இளைஞர்களைச் சென்னையிலும் மான்ட்ரியலிலும் ஒப்பிட்டுப் பார்த்தது. சென்னையில் குடும்பங்கள் சிகிச்சை முழுக்கக் கூடவே நின்றன. அதைப் படித்தபோது, சிதம்பரம் பஸ்ஸில் மருந்துச் சீட்டோடு போய் வந்த அந்தப் பெண்மணிதான் நினைவுக்கு வந்தார்.

கொரோனா ஓய்ந்த பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். செய்திகள் வந்ததை, நான் அழித்ததை, டாக்டரிடம் மறைத்ததை. அந்த அம்மா முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும் சார். அவன் போன்ல எல்லாம் அப்படியேதான இருந்துச்சு. நீங்க வெளிய போனதும் டாக்டர்கிட்ட காட்டிட்டேன்" என்றார்.

என் போனில் அழித்தால் அவன் போனில் இருக்கும் என்பதுகூட அந்தப் பதற்றத்தில் எனக்குத் தோன்றவில்லை. நான் பொய் சொன்னபோது அவருக்கும் தெரியும், சற்று நேரத்தில் டாக்டருக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் வழியில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தன் இளைய மகளை மட்டும் என்னிடம் டியூஷனுக்கு அனுப்பவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே நான் இருக்க, தூரமாக வேறு இடத்துக்கு ஏன் அனுப்புகிறார் என்று ஒரு வருடமாகக் குறைபட்டுக்கொண்டிருந்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீ கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

காலை ஐந்தரை வகுப்பை நிறுத்திவிட்டேன். இரண்டு பெற்றோர் பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பேனரை நிறுத்தவில்லை, நிறுத்தினால் கடையை மூட வேண்டியதுதான். பிள்ளை தூங்குவதில்லை என்று யாராவது வந்து சொன்னால், தூங்காத மறுநாள் அவன் சோர்ந்து கிடக்கிறானா, இல்லை தூக்கமே வேண்டாதவன்போல் நடமாடுகிறானா என்று கேட்கிறேன். முன்பு இருந்ததைவிட எதில் மாறியிருக்கிறான், யாரையாவது கண்டு அஞ்சுகிறானா என்றும் கேட்கிறேன். பதில் சரியில்லை என்றால் பரீட்சை எப்போது என்று பார்ப்பதில்லை. அண்ணாமலை நகர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கடலூர் அரசு மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் எட்டாத தூரமில்லை. எங்கும் போகத் தயங்குகிறவர்களுக்கு 14416 என்ற எண்ணை எழுதிக் கொடுக்கிறேன். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசின் மனநல உதவி எண். காசில்லை, தமிழில் பேசலாம், ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் திருந்திவிட்டேன் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். போன மாதம் ஒரு பெண் பிள்ளை வந்து, "சார், நைட்டு ரெண்டரை மணி வரைக்கும் உக்காந்து மொத்த சாப்டரையும் முடிச்சிட்டேன்" என்றாள். எனக்குள் அதே பழைய சந்தோஷம் எழுந்தது. வாய் "சபாஷ்" என்று ஆரம்பித்தே விட்டது. பாதியில் நிறுத்திவிட்டு, "காலையில எத்தனை மணிக்கு எந்திரிச்சே?" என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த சார் பாராட்டவே மாட்டார் என்று சிநேகிதியிடம் சொல்லியிருக்கிறாள்.